சைலன்ஸர் பூட்டிய முதல் நாள்
வாசகர் கேள்வி – பதில்

துவக்கையும் அதன் சத்தத்தையும் பற்றி வந்த கேள்விகளை இம்முறை ஒரே இடத்தில் சேர்த்திருக்கிறோம். முதல் கேள்விக்கான பதில் நீளமானது. அதில் ஒரு சிறு கவனக்குறைவு வந்தாலும் புதுச் சாமான் உடைவதோடு நிற்காது, பக்கத்தில் நிற்பவரின் கண்ணுக்கும் கேடு வரலாம். அதனால் சுருக்க மனம் வரவில்லை.

ஹற்றனிலிருந்து ஒரு வாசகி: என் தம்பி நியூசிலாந்தின் சவுத்லண்ட் பகுதியில் பால் பண்ணையில் வேலை செய்கிறான். அங்கே துப்பாக்கி உரிமமும் எடுத்துவிட்டான். பண்ணையில் காட்டு ஆடு, மான் தொல்லைக்காக .308 போல்ட் ரைபிள் வைத்திருக்கிறான். இப்போது அதற்குப் புதிதாக ஒரு சைலன்ஸர், அதாவது குழல் முனையில் பூட்டிச் சத்தத்தைக் குறைக்கும் குழாய், வாங்கியிருக்கிறான். முதல் தடவை பூட்டிச் சுடும்போது என்னென்ன பார்க்க வேண்டும்? தமிழில் எழுதினால் அப்படியே அவனுக்கு அனுப்பிவிடுவேன்.

பதில்: அனுப்புங்கள் அம்மா. தம்பி முதலில் கையில் எடுக்க வேண்டியது சைலன்ஸரோடு வந்த சிறு கையேடு. அதில் மூன்று விஷயம் பார்க்கட்டும்: எந்தக் கலிபருக்கு (குழலின் உள்விட்ட அளவுக்கு) உரியது, குழலின் நீளம் குறைந்தபட்சம் எவ்வளவு இருக்க வேண்டும், மரை எந்த அளவு. .30 கலிபருக்குச் (தம்பியின் .308 இதில் அடங்கும்) செய்த சைலன்ஸரை .223 ரைபிளில் பூட்டலாம். .223க்குச் செய்ததை .308இல் பூட்டினால் ரவை உள்ளேயே மோதும்.

மரையில்தான் பலர் ஏமாறுகிறார்கள். .30 கலிபர் ரைபிள்களில் பெரும்பாலும் 5/8-24 என்ற அங்குல மரை (5/8 அங்குல விட்டம், அங்குலத்துக்கு 24 சுற்று) இருக்கும். ஐரோப்பியத் தயாரிப்புகள் சிலவற்றில் 15 மில்லிமீற்றர் விட்டம், 1 மில்லிமீற்றர் இடைவெளி கொண்ட மரை வரும். 5/8 அங்குலம் என்பது 15.875 மில்லிமீற்றர். இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே தெரியும். 15 மில்லிமீற்றர் குழலில் 5/8 சைலன்ஸரைத் திருகினால் பிடித்தது போலத் தோன்றும், ஆனால் ஆடும். கையால் பக்கவாட்டில் அசைத்துப் பார்த்து இம்மியளவு ஆட்டம் தெரிந்தாலும் சுடக்கூடாது. கடைக்குத் திரும்பக் கொண்டுபோக வேண்டியதுதான்.

மரை பொருந்தினால் அடுத்தது தோள். குழலில் மரை முடிகிற இடத்தில் ஒரு படி இருக்கும், அதைத்தான் தோள் என்கிறோம். சைலன்ஸர் நேராக நிற்பது மரையால் அல்ல, இந்தத் தோளில் முழுதாகப் பதிந்து உட்கார்வதால். அந்த இடத்தில் எண்ணெய்ப் பிசுக்கோ, கரியோ, மயிரிழை அளவு உலோகச் சிராயோ இருந்தால் சைலன்ஸர் ஒரு பக்கம் சாய்ந்துவிடும். பழைய பல்தூரிகையால் மரையையும் தோளையும் துலக்கி, உலர்ந்த துணியால் துடைக்க வேண்டும். நசுங்கும் வகை வாஷர், தண்ணீர்க் குழாய்க்குச் சுற்றும் வெள்ளை ரேப் எதுவும் போடவே கூடாது. இரண்டுமே சாய்வை உண்டாக்கும். வெப்பம் தாங்கும் கிறீஸ் ஒரு நெல்மணி அளவு மரையில் தடவினால் போதும், சூடேறி ஆறிய பிறகு கழற்ற வரும்.

அடுத்தது நேர்கோட்டுச் சோதனை. இதைத் தவிர்க்காதீர்கள். .308 ரவையின் விட்டம் 7.8 மில்லிமீற்றர். சைலன்ஸரின் வெளித் துவாரம் ஏறக்குறைய 9 மில்லிமீற்றர். ஆக, ரவையைச் சுற்றி எல்லாப் பக்கமும் கிடைக்கிற இடைவெளி அரை மில்லிமீற்றருக்குக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான். குழல் வாயில் கண்ணுக்குத் தெரியாத சிறு சாய்வு, 20 சென்ரிமீற்றர் தள்ளி அந்த முனைக்குப் போகும்போது இந்த இடைவெளி முழுவதையும் தின்றுவிடும். ரவை உள்ளே இருக்கும் தடுப்புத் தட்டில் உரசும், அல்லது முனை மூடியைப் பிய்த்துக்கொண்டு போகும்.

சோதிக்கிற விதம் இது. மகசினைக் கழற்றி, குழலின் பின்முனையில் ரவை அமரும் அறையில் ரவை இல்லை என்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதி செய்து, அந்த அறையைப் பூட்டும் போல்டையும் வெளியே எடுத்துவிட வேண்டும். சைலன்ஸரைக் கையால் இறுகத் திருக வேண்டும். பிறகு அந்தக் கலிபருக்கென்றே விற்கும் நேர்கோட்டுக் கம்பியைச் சைலன்ஸரின் முன் துவாரம் வழியாகக் குழலுக்குள் மெதுவாகச் செலுத்த வேண்டும். கம்பியைச் சுற்றித் துவாரத்தில் தெரியும் வளையம் எல்லாப் பக்கமும் ஒரே அகலமாக இருந்தால் சரி. ஒரு பக்கம் ஒட்டி, மறுபக்கம் பிறைபோல இடைவெளி தெரிந்தால் சுடவேண்டாம். கம்பி இல்லையென்றால், போல்ட் எடுத்த பின்பக்கமிருந்து வெளிச்சத்தை நோக்கிக் குழல் வழியே பார்க்கலாம். குழலின் வட்டமும் சைலன்ஸர்த் துவாரத்தின் வட்டமும் ஒன்றுக்குள் ஒன்று நடுவே அமைந்திருக்க வேண்டும். கம்பிதான் நம்பகமானது. அதன் விலைக்குச் சலித்துக்கொள்ள வேண்டாம் என்று தம்பியிடம் சொல்லுங்கள்.

இனிச் சுடுவது. இலக்குக்குப் பின்னால் மண்மேடு இருக்க வேண்டும். கண்ணாடியும் காதுமூடியும் போட வேண்டும். சைலன்ஸர்தான் இருக்கிறதே என்று காதுமூடியைக் கழற்றி வைப்பது தவறு, காரணம் அடுத்த பதிலில் வருகிறது. முதலில் சைலன்ஸர் இல்லாமல் 100 மீற்றரில் மூன்று ரவை சுட்டு, அந்தக் கடதாசியைப் பத்திரமாக எடுத்து வைக்கட்டும். பிறகு சைலன்ஸரைப் பூட்டி, 25 மீற்றரில் புதிய கடதாசியில் ஒரே ஒரு ரவை. எழுந்து போய்ப் பார்க்க வேண்டும். துளை வட்டமாக, ஓரம் சுத்தமாக இருக்க வேண்டும். நீள்வட்டமாகவோ சாவித்துளை போலவோ இருந்தால் ரவை குறுக்காகப் புரண்டு போயிருக்கிறது, உள்ளே உரசியிருக்கிறது என்று பொருள். அன்றைக்கு அத்தோடு நிறுத்த வேண்டும். துளை நன்றாக இருந்தாலும், போல்டைத் திறந்து அறை வெறுமை என்று பார்த்துவிட்டு, முனை மூடியின் துவார ஓரத்தில் செம்பு நிறக் கீறல் உண்டா என்று பார்க்க வேண்டும். இரண்டும் சரியென்றால் 100 மீற்றருக்குப் போகலாம்.

அங்கே மூன்று ரவை சுட்டதும் தம்பி கொஞ்சம் திடுக்கிடக்கூடும். குறி பழைய இடத்தில் இருக்காது. சில சென்ரிமீற்றர் கீழேயோ பக்கத்திலோ தள்ளிப் போயிருக்கும். இது பழுதல்ல. சூடு விழும்போது குழல் அதிர்கிறது. அதன் முனையில் 300, 400 கிராம் பாரம் ஏறியதும் அந்த அதிர்வின் தாளம் மாறிவிடுகிறது. நீண்ட மூங்கில் கழியை ஒருமுறை வெறுமனே ஆட்டிவிட்டு, முனையில் ஈரத்துணியைக் கட்டி மறுமுறை ஆட்டிப் பார்த்தால் கைக்கே புரியும். குழல் மெல்லியதாக இருந்தால் தள்ளல் கூடும், தடித்த குழலில் குறையும். எவ்வளவு தள்ளினாலும் ஒவ்வொரு தடவையும் ஒரே அளவு தள்ளுகிறதா என்பதுதான் கேள்வி. மூன்று துளையும் ஒன்றுக்கொன்று நெருங்கி இருந்தால் ஸ்கோப்பைத் திருப்பிக் குறியை நடுவுக்குக் கொண்டுவரலாம். கால் நிமிடக் கோண அளவுள்ள (1/4 MOA) ஸ்கோப்பில் ஒரு கிளிக் 100 மீற்றரில் ஏறத்தாழ 7 மில்லிமீற்றர். 5 சென்ரிமீற்றர் கீழே விழுந்தால் மேலே 7 கிளிக். மில் என்ற கோண அளவு (கிளிக்குக்கு 0.1 மில்) உள்ள ஸ்கோப்பென்றால் ஒரு கிளிக் 10 மில்லிமீற்றர், ஆகவே 5 கிளிக்.

இப்படிக் குறியை நடுவுக்குக் கொண்டுவந்து சீரோ வைத்த பிறகும் ஒரு வேலை மிச்சம் இருக்கிறது. சைலன்ஸர் ஆறிய பின் கழற்றி, மறுபடி அதே இறுக்கத்தில் பூட்டி, மூன்று ரவை சுட வேண்டும். குறி அதே இடத்துக்கு வந்தால்தான் நாளைக்கு மலைச்சரிவில் நம்பிச் சுடலாம். வராவிட்டால் தோளில் அழுக்கு, அல்லது இறுக்கம் போதவில்லை. ஒருமுறை சைலன்ஸரோடு சீரோ வைத்தால் அது இல்லாமல் வேட்டைக்குப் போகக்கூடாது. காயப்பட்டு ஓடும் மிருகத்தின் துன்பம் பெரும்பாலும் இந்த மாதிரி அசட்டையில்தான் தொடங்குகிறது.

சுடும்போது நடக்கக்கூடியவை இன்னும் சில. சைலன்ஸர் தானாகக் கழன்றுவரும். குழலின் அதிர்வும் வெப்பமும் சேர்ந்து மரையைத் தளர்த்தும். மூன்று, நான்கு ரவைக்கு ஒருமுறை போல்டைத் திறந்து வைத்துவிட்டு, தடித்த கையுறையோடு இறுக்கிப் பார்க்க வேண்டும். நெருங்கி விழுந்துகொண்டிருந்த துளைகள் திடீரென்று சிதறினால் ஸ்கோப்பைக் குற்றம் சொல்லாமல் முதலில் இதைப் பாருங்கள். பத்து ரவை அடுத்தடுத்துச் சுட்டால் வெறுங்கையால் தொட முடியாது. அதிலிருந்து எழும் வெப்பக் காற்று ஸ்கோப்பின் முன்னால் அலையாடி, இலக்கு தண்ணீருக்கடியில் இருப்பது போலத் தோன்றும். துணி உறை போட்டால் அலை குறையும், ஆனால் ஆறுவதற்கு நேரம் கூடும். முதல் நாளில் உறை வேண்டாம். மூன்று ரவைக்கு ஒரு தேநீர் இடைவெளி விட்டால் போதும்.

முதல் ரவையின் சத்தம் மற்றவற்றைவிடச் சற்று உரக்கக் கேட்கும். குழாய்க்குள் இருந்த காற்றின் ஒட்சிசனில் மிச்ச வெடிமருந்து எரிவதால் அப்படி. இரண்டாவது ரவையில் அந்தக் காற்று இருக்காது. சாமான் பழுதென்று பயப்படத் தேவையில்லை.

தலவாக்கலையிலிருந்து ஒரு மாணவர்: படங்களில் சைலன்ஸர் போட்டால் ‘ப்சிக்’ என்று மட்டும்தானே கேட்கிறது? உண்மையில் சத்தம் எவ்வளவு குறையும்?

பதில்: அந்தப் படச் சத்தத்தை மறந்துவிடுங்கள். .308 ரைபிளின் சூட்டுச் சத்தம் சுடுபவரின் காதருகே 160 டெசிபெலுக்கு மேல். நல்ல சைலன்ஸர் இதிலிருந்து 20 முதல் 35 வரை குறைக்கும். மிச்சம் 130, 140 என்ற அளவில் நிற்கும். 140 டெசிபெல் உச்சம் என்பது வளர்ந்தவர் ஒருவரின் காதை ஒரே சூட்டில் நிரந்தரமாகக் கெடுக்கக்கூடிய எல்லை. சைலன்ஸர் நம்மை அந்த எல்லையின் விளிம்புக்குக் கொண்டுவருகிறது, அமைதிக்குள் கொண்டுபோவதில்லை. காதுமூடி இன்னொரு 20 முதல் 30 வரை குறைத்தால்தான் நாள் முழுக்கச் சுட்டாலும் காது தப்பும். டெசிபெல் கணக்கில் 30 குறைந்தால் ஒலியின் சக்தி ஆயிரத்தில் ஒன்றாகிறது. ஆகவே சைலன்ஸர் செய்வது சின்ன உதவியல்ல. காதைக் காப்பாற்றும் சாமான் என்று அதை மதிக்க வேண்டும், சத்தத்தை மறைக்கும் சாமான் என்று எண்ணக்கூடாது.

குழாய் தணிப்பது குழல் வாயில் வெடித்து வெளிவரும் வாயுவின் சத்தத்தை. உள்ளே வரிசையாக உள்ள தட்டுகள் அந்த வாயுவைச் சுழலவிட்டு, ஆறவிட்டு, மெல்ல வெளியே விடுகின்றன. ஆனால் .308 ரவை விநாடிக்கு ஏறக்குறைய 800 மீற்றர் வேகத்தில் பறக்கிறது. ஒலியின் வேகமோ நுவரெலியாவின் 16 பாகை குளிரில் 341 மீற்றர். ஒலியை முந்தும் எந்தப் பொருளும் வழிநெடுகச் சாட்டை சொடுக்குவது போன்ற சத்தத்தை இழுத்துக்கொண்டு போகும். குழாய் அதைத் தொடவே முடியாது. ஒலியைவிட மெதுவாகப் போகும் .22 ரவை விநாடிக்கு 320 மீற்றர் அளவில் செல்வதால் அதில் மட்டும் சத்தம் உண்மையிலேயே சிறுத்துவிடுகிறது. இங்கே ஒரு நுணுக்கம். குளிர் கூடினால் ஒலியின் வேகம் குறையும். பூச்சியம் பாகையில் அது 331தான். பெட்டியில் 330 என்று போட்ட ரவை கொழும்பு வெயிலில் அடங்கிப் போகும், உறைபனிக் காலையில் சில ரவைகள் சொடுக்கும்.

வெலிமடையிலிருந்து ஒரு விவசாயி: உருளைக்கிழங்குப் பாத்திக்குப் பன்றி இறங்குகிறது. பயிர்ப் பாதுகாப்புக்காக அனுமதிப்பத்திரத்துடன் 12 போர் ஒற்றைக்குழல் துவக்கு வைத்திருக்கிறேன். சுட்ட பிறகு இரவு முழுக்கக் காதில் ‘ஙொய்’ என்ற இரைச்சல். இதற்கு ஒரு சைலன்ஸர் செய்து பூட்டலாமா என்று பட்டறைக்காரர் கேட்கிறார்.

பதில்: வேண்டாம் ஐயா. பட்டறையில் துவக்குக் குழலைத் தொடவே விடாதீர்கள். 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டத்தின் கீழ் உங்களுக்குக் கிடைத்த அனுமதி, பத்திரத்தில் எழுதியிருக்கும் அந்தத் துவக்குக்கு. குழலை வெட்டுவதும் மரை போடுவதும் உங்களைப் பொலிஸ், நீதிமன்றம் என்று அலைய வைக்கும். தொழில்நுட்பமும் இடம் தராது. 12 போரின் உள்விட்டம் 18.5 மில்லிமீற்றர். அதிலிருந்து வெளிவருவது ஒற்றை ரவை அல்ல, சன்னங்களும் அவற்றைத் தாங்கும் பிளாஸ்ரிக் கிண்ணமும். கிண்ணம் வாய்க்கு வெளியே விரியத் தொடங்கும். பட்டறைக் குழாயின் தட்டில் அது மாட்டினால் குழாய் வெடித்துச் சிதறும். பயிரைக் காப்பதில் பாதி வேலையைச் சத்தமே செய்கிறது என்பதையும் மறக்க வேண்டாம். பன்றிக்கூட்டம் அதற்குத்தான் ஓடுகிறது. பக்கத்துப் பாத்தியில் காவல் இருப்பவருக்கும் நீங்கள் எந்தப் பக்கம் சுடுகிறீர்கள் என்பது அதனால்தான் தெரிகிறது.

உங்கள் காதுக்கு மருந்து மருந்துக்கடையிலேயே இருக்கிறது: நுரைக் காதடைப்பான். பலர் அதைக் காது வாசலில் ஒட்டவைத்துவிட்டுப் பயனில்லை என்கிறார்கள். விரல்களால் உருட்டி ஈர்க்குக்குச்சி போல மெலிதாக்குங்கள். மறுகையைத் தலைக்கு மேலால் கொண்டுபோய்க் காதுமடலை மேலும் பின்னுமாக இழுங்கள். அப்போது துவாரம் நேராகும். உள்ளே செலுத்தி, அது விரியும்வரை அரை நிமிடம் விரலால் பிடித்திருங்கள். உங்கள் குரலே பானைக்குள்ளிருந்து பேசுவது போலக் கேட்டால் சரியாக அமர்ந்திருக்கிறது.

இரவுக் காவலில் பன்றி வரும் சலசலப்பும் கேட்க வேண்டுமே என்பீர்கள். கட்டட வேலைக்காரர் போடும் காதுமூடியைத் தொப்பியின் மேல் உயர்த்தி வைத்திருங்கள். துவக்கைத் தோளில் வைக்குமுன் கீழே இழுத்துவிடுங்கள். அந்த ஒரு விநாடியில் பன்றி தப்பினால் தப்பட்டும். வலது தோளில் வைத்துச் சுடுபவருக்கு இடது காதுதான் முதலில் போகும். அது குழல் வாயை நோக்கி நிற்கிறது, வலது காது தலையின் நிழலில் மறைகிறது. ‘ஙொய்’ சத்தம் ஒரு நாளுக்கு மேல் நீடித்தால், அல்லது ஒரு காது மட்டும் மந்தமானால், தாமதிக்காமல் வைத்தியசாலையில் காது, மூக்கு, தொண்டைப் பிரிவுக்குப் போங்கள்.

கட்டுத்துவக்கு வைத்துவிட்டு வீட்டில் தூங்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். அது சட்டவிரோதம். அதில் கால் இழப்பது விறகுக்குப் போன அயலவராக இருக்கும்.

பண்டாரவளையிலிருந்து ஒரு வாசகர்: தியத்தலாவைப் பக்கம் இராணுவப் பயிற்சிச் சூடு கேட்கும்போது ஒரே வெடி இரண்டு, மூன்று தடவை கேட்கிறதே?

பதில்: உங்கள் ஊர்வரை கேட்பது பெரும்பாலும் மலை திருப்பித் தரும் எதிரொலி. 170 மீற்றர் தள்ளி நிற்கும் ஒரு சரிவு, சத்தத்தை ஒரு விநாடியில் திருப்பியனுப்பும். அடுத்த சரிவு அதன் பின்னால் இன்னொன்றை அனுப்பும்.

வேறொரு இரட்டைச் சத்தமும் உண்டு. ரவை செல்லும் பாதைக்கு அருகே நிற்பவருக்கு முதலில் ‘டக்’ என்ற சொடுக்கும், பிறகு ‘டும்’ என்ற வெடியும் கேட்கும். ‘டக்’ என்பது ஒலியை முந்தி வந்த ரவையினுடையது, ‘டும்’ என்பது பின்னால் வந்து சேரும் குழல் வாயினுடையது. 600 மீற்றர் தூரத்தில் இரண்டுக்கும் இடையே முக்கால் விநாடி இருக்கும். சைலன்ஸர் பூட்டினால் ‘டும்’ தேய்ந்துபோகும், ‘டக்’ அப்படியே நிற்கும். அதனால்தான் எங்கிருந்து சுட்டார்கள் என்று சொல்வது கடினமாகிறது. காட்டிலோ புல்வெளியிலோ நடக்கும்போது கூர்மையான ‘டக்’ காதருகே கேட்டால் நீங்கள் ரவையின் வழியில் நிற்கிறீர்கள். நிலத்தோடு படுத்து, உரக்கக் குரல் கொடுங்கள்.

மஸ்கெலியாவிலிருந்து: சைலன்ஸரைக் கண்டுபிடித்தவர் யார்?

பதில்: அமெரிக்கரான ஹைரம் பெர்சி மக்சிம். 1909இல் காப்புரிமை பெற்றார். இயந்திரத் துப்பாக்கியைக் கண்டுபிடித்த சேர் ஹைரம் மக்சிமின் மகன். அப்பாவின் காது அந்த ஆயுதங்களைச் சோதித்தே மந்தமாகியது. மகனின் நிறுவனம் பின்னாளில் இயந்திரங்களின் இரைச்சலைத் தணிக்கும் சாதனங்களையும் செய்தது. நம் ஊரில் மோட்டார்சைக்கிளின் புகைக்குழாயை ‘சைலன்ஸர்’ என்கிறோமே, இரண்டும் வேலை செய்கிற தத்துவம் ஒன்றுதான்.

பதுளையிலிருந்து ஒரு வாசகி: மருமகன் இங்கிலாந்தில் ஆட்டுப் பண்ணையில் முயல் சுட .22 ரைபிளும், நரிக்குப் பெரிய ரைபிளும் வைத்திருக்கிறார். இரண்டிலும் சைலன்ஸர். எப்படிச் சுத்தம் செய்வது என்று கேட்டார்.

பதில்: இரண்டுக்கும் முறை வேறு. .22 ரவை வெறும் ஈயம். சில நூறு ரவையில் தட்டுகளில் ஈயக்கரி அப்பி, விட்டுவிட்டால் தட்டுகளைக் கழற்றவே வராது. 300 ரவைக்கு ஒருமுறை பிரிப்பது நல்லது. பிரிக்கும்போது தட்டுகளை வந்த வரிசையிலேயே துணியில் அடுக்கட்டும். துருப்பிடிக்காத உருக்குத் தட்டென்றால் துவக்குக் கரைப்பானில் ஊறவைத்துப் பித்தளைத் தூரிகையால் தேய்க்கலாம். அலுமினியத் தட்டுக்கு நைலோன் தூரிகை மட்டும், சோடா போன்ற காரம் எதுவும் படக்கூடாது. வினாகிரியையும் ஐதரசன் பெரொட்சைட்டையும் கலந்து ஊறவைத்தால் ஈயம் கரையும் என்று சிலர் சொல்வதைக் கேட்க வேண்டாம். கரையும், ஆனால் கிடைப்பது தோல் வழியாகவும் உடம்பில் ஏறக்கூடிய நஞ்சு. எதைச் செய்தாலும் கையுறை போட வேண்டும், சமையலறைத் தொட்டி வேண்டாம், காய்ந்த கரியை ஊதவும் வேண்டாம்.

பெரிய ரைபிளின் சைலன்ஸரில் ஈயம் அவ்வளவாகச் சேராது. புதிதாக வாங்கிய நாளிலேயே சமையலறைத் தராசில் நிறுத்து, எடையைப் பெட்டியில் எழுதி வைக்கட்டும். சில மாதத்துக்கு ஒருமுறை நிறுக்கும்போது 30, 40 கிராம் கூடியிருந்தால் அப்போது சுத்தம் செய்தால் போதும். அதைவிட முக்கியம் ஈரம். வெடிமருந்து எரியும்போது நீராவியும் உண்டாகிறது. அது குழாய்க்குள் குளிர்ந்து தண்ணீராகி, பூட்டியபடியே அலமாரியில் வைத்தால் குழலுக்குள் இறங்கி வாயோரத்தைத் துருப்பிடிக்க வைக்கும். சுட்டு முடிந்து வீட்டுக்கு வந்ததும் கழற்றி, துவாரம் கீழ்நோக்கி இருக்கும்படி காற்றோட்டமான இடத்தில் ஓர் இரவு வைக்கட்டும். குழலைத் துணிவிட்டுத் துடைப்பதும் சைலன்ஸரைக் கழற்றிய பிறகுதான். மறந்துவிட்டால் எண்ணெய் முழுவதும் குழாய்க்குள் வடிந்து, அடுத்த முதல் சூட்டில் வெள்ளைப் புகையாக வரும்.